வலது வளைவில் வறண்ட சம்ப்: ஒரு நிகழ்வு ஆய்வு

சம்ப் என்பது எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி. இந்த ஆய்வுக்குரிய எஞ்சின் 2 லிட்டர் கொள்ளளவும் நேர்வரிசையில் நான்கு சிலிண்டர்களும் கொண்டது, காரின் நீளவாக்கில் பொருத்தப்பட்டது, டர்போ கிடையாது, நிமிடத்துக்கு 7,500 சுழற்சிகள் வரை செல்லக்கூடியது. சாலைப் பயன்பாட்டுக்கென வடிவமைக்கப்பட்ட இந்த எஞ்சினை, உட்பாகம் எதையும் மாற்றாமல், எடை குறைக்கப்பட்ட ஒரு காரில் வைத்துப் பந்தயத் தடத்தில் ஓட்டிவந்தோம். மாற்றியவை டயர்களும் சஸ்பென்ஷனும் மட்டுமே. சாலை டயர்களோடு ஏறத்தாழ 0.9 ஜி பக்கவாட்டு முடுக்கத்தில் நழுவத் தொடங்கிய கார், மென்ரப்பர் டயர்களோடு 1.2 ஜி வரை வளைவைப் பற்றிக்கொண்டது. (ஒரு ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமான அளவு.) எஞ்சினைத் தொடாத மாற்றம் என்பதால் எஞ்சினுக்கு அதனால் தீங்கு வராது என்று நம்பினோம். அந்த நம்பிக்கைக்கு ஒரு கிராங்க் ஷாஃப்டையும் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) ஒரு பிளாக்கையும் (சிலிண்டர்கள் அமைந்த எஞ்சின் உடல்) விலையாகக் கொடுத்தோம்.

இரண்டாம் பயிற்சி நாளின் பிற்பகலில், தடத்தின் மிக நீண்ட வலது வளைவு முடியும் இடத்தில், எண்ணெய் அழுத்த விளக்கு ஒரு கணம் மினுங்கி அணைந்தது. ஓட்டுநர் அதைக் கவனித்தார். ஆனால் அடுத்து வந்த நேர்ப்பாதையில் அழுத்தமானி 5 பாருக்கு (ஒரு பார் ஏறத்தாழ வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம்) அருகில் நின்றதால், மின் இணைப்பில் ஏதோ தளர்வு இருக்கலாம் என்று எண்ணி ஓட்டத்தைத் தொடர்ந்தார். அடுத்த இரு சுற்றுகளிலும் அதே இடத்தில் அதே மினுங்கல் தோன்றியது. நான்காம் சுற்றில், வளைவிலிருந்து வெளியேறி முழு விசை கொடுத்தபோது எஞ்சினின் அடியிலிருந்து கனத்த தட்டொலி எழுந்தது. அவர் உடனே எஞ்சினை நிறுத்திவிட்டார். அதனால் பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரவில்லை என்றாலும், 2ஆம் ராட் பேரிங் (ராட் ஷாஃப்டைப் பற்றும் இடத்திலுள்ள தாங்கி) இருந்த இடம் ஏற்கெனவே பாழாகியிருந்தது.

இங்கே அந்த விளக்கைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அதை நம்பி எஞ்சினை இழப்பவர்கள் பலர். தொழிற்சாலையில் பொருத்தப்படும் அழுத்த சுவிட்ச் பொதுவாக 0.3 முதல் 0.5 பார் வரையிலான அழுத்தத்தில்தான் விளக்கை எரியவிடும். ஐட்லிங்கில் ஓடும் எஞ்சினில் எண்ணெயே இல்லை என்பதைத் தெரிவிக்க அது போதும். 7,000 சுழற்சியில் 4 அல்லது 5 பார் தேவைப்படும் எஞ்சினில், அழுத்தம் 1 பாருக்கு இறங்கினாலும் விளக்கு அமைதியாகவே இருக்கும். ஆகவே தடத்தில் அது மினுங்கிற்று என்றால், பேரிங் பல சுழற்சிகளாகப் பட்டினி கிடந்துவிட்டது என்று பொருள். முதல் மினுங்கலிலேயே நிறுத்தியிருந்தால், புதிய பேரிங் ஷெல்களோடு (பேரிங்காக அமையும் அரைவட்டத் தகடுகள்) முடிந்திருக்கும் வேலை இது. அந்த உத்தரவை ஓட்டுநருக்கு முன்கூட்டியே கொடுக்காமல் விட்டது நான். அந்த வருத்தமே இந்த ஆய்வை இவ்வளவு விரிவாக எழுதத் தூண்டியது.

பிரித்தபோது கண்டவை

எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் எண்ணெயை முழுவதும் வடித்து அளந்தோம். ஃபில்டரில் இருந்ததையும் சேர்த்து 4.4 லிட்டர் கிடைத்தது; நிரப்ப வேண்டிய அளவு 4.5 லிட்டர். அதாவது எண்ணெய் குறைவினால் இது நிகழவில்லை. ஃபில்டரை வெட்டித் தாளை விரித்தபோது, மடிப்புகளுக்கிடையே செம்பு நிறத் துகள்கள் மின்னின. 2ஆம் ராடின் இரு ஷெல்களும் தம் இருப்பிடத்தில் சுழன்று ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. ராட் பற்றும் கிராங்க்பின் நீலம் பாரித்திருந்தது. 3ஆம் ராடின் ஷெல்களில் மேற்பூச்சு முழுவதும் தேய்ந்து செம்பு அடுக்கு தெரிந்தது. 1ஆம் 4ஆம் ராடுகளில் நீளக் கீறல்கள் மட்டும் இருந்தன. கிராங்க் ஷாஃப்டைப் பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங்குகளோ, துகள்கள் உரசிய சில கோடுகளைத் தவிர, கிட்டத்தட்டப் புதியவைபோல் இருந்தன.

ராட் பேரிங்குகள் அழிந்து மெயின் பேரிங்குகள் பிழைத்திருப்பது தற்செயல் அன்று. எண்ணெய் முதலில் மெயின் பேரிங்கை அடைந்து, அங்கிருந்து கிராங்க் ஷாஃப்டுக்குள் துளைக்கப்பட்ட வழியாக ராட் பேரிங்குக்குச் செல்கிறது. வரிசையின் கடைசியில் நிற்பது ராட் பேரிங். அந்தத் துளை மெயின் ஜர்னலின் (மெயின் பேரிங்குக்குள் சுழலும் ஷாஃப்ட் பகுதி) மையத்தைக் கடந்து செல்லும் வடிவமைப்பில், சுழலும் ஷாஃப்டின் வெளிப்பரப்பிலிருந்து மையத்தை நோக்கி எண்ணெயைத் தள்ளவே கணிசமான அழுத்தம் தேவைப்படும். 54 மி.மீ. விட்டமுள்ள ஜர்னலுக்கு 7,500 சுழற்சியில் அது ஏறத்தாழ 1.8 பார் என்று கணக்கு சொல்கிறது. எனவே அழுத்தமானி 2 பார் காட்டும்போது மெயின் பேரிங்குக்கு இன்னும் எண்ணெய் கிடைத்துக்கொண்டிருக்கும். ராட் பேரிங்குக்கு அநேகமாக எதுவும் கிடைக்காது.

மேலும், ஷாஃப்டைத் தாங்குவது பம்பு தரும் அழுத்தம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் சுழலும் ஷாஃப்டே எண்ணெயைக் குறுகும் இடைவெளிக்குள் இழுத்துச் சென்று, பம்பின் அழுத்தத்தைப் போலப் பல மடங்கு அழுத்தத்தைத் தன் அடியில் உருவாக்கிக்கொண்டு அதன்மேல் மிதக்கிறது. பக்கங்களில் வழிந்தோடும் எண்ணெயை ஈடுசெய்வதே பம்பின் வேலை. படலம் மிக மெல்லியதாகும் இடத்தில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். 7,000 சுழற்சியில் ஒரு நொடிக்கு ஷாஃப்ட் 117 முறை சுற்றுகிறது. அரை நொடி எண்ணெய் வராவிட்டால், 58 சுற்றுகளுக்குப் பேரிங் தன்னிடம் எஞ்சியதை வைத்தே பிழைத்தாக வேண்டும். எண்ணெய்க்குப் பதிலாக நுரை வந்தால் நிலைமை இன்னும் மோசம். காற்றுக் குமிழிகள் அழுந்தக்கூடியவை என்பதால், சுமையைத் தாங்க வேண்டிய இடத்தில் படலம் சரிந்துவிடும்.

தவறான மருந்துகள்

மாற்று எஞ்சினைப் பொருத்தியபோது நாங்கள் செய்தவை மூன்று. எண்ணெயை ஒரு லிட்டர் அதிகமாக நிரப்பினோம்; 5டபிள்யூ-30 எண்ணெய்க்குப் பதிலாக அதைவிடத் தடித்த 10டபிள்யூ-60 ஊற்றினோம்; அதிகக் கொள்ளளவு கொண்ட பம்பைப் பூட்டினோம். மூன்றுமே நல்லெண்ணத்தோடு பலரும் பரிந்துரைப்பவை. அழுத்தமானியை இம்முறை ஓட்டுநரின் பார்வைக்கு நேரே வைத்து, வலது வளைவில் பாதி வேகத்தில் தொடங்கிப் படிப்படியாக வேகத்தைக் கூட்டச் சொன்னோம். நேர்ப்பாதையில் அழுத்தம் முன்னைவிட அரை பார் கூடியிருந்தது. வளைவிலோ முள் முன்னைவிடச் சீக்கிரமாகவே விழுந்தது. எண்ணெயின் வெப்பம் 15 டிகிரி செல்சியஸ் ஏறியது. எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாயின் முனையில் வைத்திருந்த சேகரிப்புக் குப்பி பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது.

காரணங்கள் பின்னர் விளங்கின. பெரிய பம்பு சம்பை விரைவாகக் காலி செய்து, எண்ணெயை ஹெட்டுக்கு (சிலிண்டர்களின் மேல், வால்வுகளும் கேம் ஷாஃப்டும் உள்ள பகுதி) விரைவாக ஏற்றுகிறது. தடித்த எண்ணெய் ஹெட்டிலிருந்து மெதுவாக இறங்குகிறது. கூடுதலாக ஊற்றிய எண்ணெய் கிராங்க் ஷாஃப்டில் அடிபட்டு நுரைக்கிறது, சூடேறுகிறது, பிரீதர் வழியே வெளியேறுகிறது. அழுத்தத்தைக் கூட்டுவது பற்றியே யோசித்தோம். எண்ணெய் எந்த நொடியில் எங்கே இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

ஒரு பெட்டியின் கணக்கு

அந்தக் கேள்விக்கு ஒரு தாளும் பென்சிலும் போதும். எங்கள் சம்பின் உட்புறத்தை 25 செ.மீ. அகலமும் 40 செ.மீ. நீளமும் உள்ள பெட்டியாகக் கொள்வோம். 4.5 லிட்டரில் ஃபில்டரிலும் குழாய்களிலும் ஹெட்டிலும் சுவர்களில் வழிவதிலுமாக 1.5 லிட்டர் போக, வேகமாக ஓடும் எஞ்சினின் சம்பில் 3 லிட்டர் இருக்கும். கார் நேராகச் செல்லும்போது அது 3 செ.மீ. ஆழத்துக்கு நிற்கும், தரையிலிருந்து 8 மி.மீ. உயரத்தில் உள்ள உறிஞ்சு குழாயின் வாய் நன்கு மூழ்கியிருக்கும்.

1 ஜி வலது வளைவில் எண்ணெயின் மேற்பரப்பு 45 பாகை சாய்கிறது. அந்த 3 லிட்டரும் இடப்புறச் சுவரை ஒட்டி, 12.2 செ.மீ. உயரமும் 12.2 செ.மீ. அகலமும் கொண்ட முக்கோணமாகக் குவிகிறது. உறிஞ்சு குழாய் இருப்பது நடுவில், அதாவது சுவரிலிருந்து 12.5 செ.மீ. தொலைவில். எண்ணெயின் விளிம்பு குழாய் வாயின் மையத்தைத் தொடுவதற்கு 3 மி.மீ. முன்பே நின்றுவிடுகிறது, வாயின் ஒரு பாதி எண்ணெயிலும் மறு பாதி காற்றிலும் இருக்க, பம்பு இரண்டையும் சேர்த்து உறிஞ்சுகிறது. 1.2 ஜியில் விளிம்பு 11.2 செ.மீ.யில் நிற்கிறது. சாலை டயர்களின் 0.9 ஜியிலோ அது 12.9 செ.மீ. வரை வருகிறது. தொழிற்சாலை வடிவமைப்பாளர் தம் காரின் டயர்களுக்கு ஏற்பச் சரியாகவே கணித்திருக்கிறார்; டயரை மாற்றி அந்தக் கணக்கைக் குலைத்தவர்கள் நாங்கள்.

ஒரு லிட்டர் கூடுதலாக ஊற்றியதால் கிடைத்த பலனையும் இதே கணக்கு காட்டிவிடுகிறது. 4 லிட்டரும் 1.2 ஜியும் என்றால் விளிம்பு 12.9 செ.மீ.க்கு வரும், அதாவது குழாயின் மையத்தைத் தாண்டி வெறும் 4 மி.மீ. அந்த 4 மி.மீ.க்காகச் சுவரோரத்தில் எண்ணெயை 15.5 செ.மீ. உயரத்துக்கு ஏற்றிவிடுகிறோம். இது அலை அடங்கிய பிறகான உயரம். காரைச் சட்டென்று வளைவுக்குள் திருப்பும்போது எண்ணெய் இதையும் தாண்டி எகிறி, கிராங்க் ஷாஃப்டின் கவுண்டர்வெயிட்டுகள் (சமநிலைக்கான எதிர் எடைகள்) சுழலும் வட்டத்துக்குள் போய் விழும்.

பதிவுக் கருவி காட்டிய முரண்

கணக்கு அழகாகப் பொருந்தியதால் சம்புக்குள் தடுப்புத் தகடுகளை வைத்துவிட்டால் போதும் என்ற முடிவுக்கு அன்றே வந்திருப்போம். ஆயினும் இரண்டாவது எஞ்சினையும் ஊகத்துக்குப் பலியிட மனம் ஒப்பவில்லை. ஃபில்டருக்கு அருகில் இருந்த அழுத்த உணரியை முதன்மை எண்ணெய்க் குழலின் கடைக்கோடிக்கு மாற்றி, நொடிக்கு 50 முறை பதியும் கருவியில் அதை இணைத்து, பக்கவாட்டு முடுக்கம், பிரேக் முடுக்கம், சுழற்சி, எண்ணெய் வெப்பம் ஆகியவற்றையும் உடன் பதிவு செய்தோம். பழைய எண்ணெய், பழைய அளவு, பழைய பம்பு ஆகியவற்றுக்குத் திரும்பி, சுழற்சியை 5,500க்கு மிகாமல் வைத்து ஓட்டினோம்.

பதிவைப் பார்த்தபோது இரண்டு செய்திகள் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. அழுத்தம் விழுந்தது முடுக்கம் உச்சத்தைத் தொட்ட கணத்தில் அன்று. நீண்ட வலது வளைவில் 1.1 ஜி தொடங்கிய பின்னும் இரண்டு நொடிகளுக்கு அழுத்தம் அசையாமல் நின்றது. பிறகு கோடு நடுங்கத் தொடங்கி, மூன்றரை நொடியில் 1.5 பாருக்குச் சரிந்தது. 1.2 ஜியைத் தொட்ட, ஆனால் ஒன்றரை நொடியே நீடித்த, வேறொரு வலது வளைவில் எந்தச் சரிவும் இல்லை. இரண்டாவது செய்தி இன்னும் வியப்பானது: அதே 1.1 ஜியில் நான்கு நொடி நீடித்த இடது வளைவில் அழுத்தத்தில் சிறு நடுக்கமே தெரிந்தது. சம்ப் இருபுறமும் ஒரே வடிவம். உறிஞ்சு குழாயோ நட்டநடுவில். சாய்வு மட்டுமே காரணமாக இருந்தால் இடமும் வலமும் ஒன்றுபோல் இருந்திருக்க வேண்டும்.

நேரமும் திசையும் சேர்ந்து சுட்டிய இடம் சம்ப் அன்று, ஹெட். எங்கள் பம்பின் வெளியீட்டில், அழுத்தம் மிகும்போது திறக்கும் ரிலீஃப் வால்வு வழியே உள்வாய்க்கே திரும்பும் பங்கு போக, உறிஞ்சு குழாய் வழியே நொடிக்குச் சுமார் அரை லிட்டர் எண்ணெய் போகிறது. ஐந்து நொடி வளைவில் 2.5 லிட்டர் மேலே சென்று, அதே வேகத்தில் கீழே திரும்ப வேண்டும். திரும்புவதில் தடை ஏற்பட்டால் சம்பின் 3 லிட்டர் நொடிக்கு நொடி கரையும். அது 2 லிட்டராகும்போது, 1 ஜியில் எண்ணெயின் விளிம்பு 10 செ.மீ.யோடு நின்றுவிடும், குழாய் வாய் ஏறக்குறைய முழுவதும் அப்போது காற்றில் இருக்கும்.

ஹெட்டைக் கழற்றிப் பார்த்தோம். எண்ணெய் கீழே இறங்குவதற்கான நான்கு துளைகளில் மூன்று வலப்புறத்தில் இருந்தன. வலது வளைவு எண்ணெயை இடப்புறம் தள்ளுகிறது. அங்கிருந்த ஒரே துளை பின்கோடியில், கேம் ஷாஃப்ட் தாங்கிகளுக்கு அப்பால் இருந்தது. அதுவும் கிராங்க் அறையின் வாயு மேலேறும் வழியாகவும் பயன்பட்டதால், இறங்கும் எண்ணெயை ஏறும் வாயு எதிர்த்துநின்றது. பழைய பிளாக்கின்மேல் ஹெட்டைப் பொருத்தி, ஸ்டாண்டில் 45 பாகை இடப்புறம் சாய்த்து, சூடாக்கிய ஒரு லிட்டர் எண்ணெயை ஹெட்டுக்குள் ஊற்றினோம். 1 ஜி வளைவில் எண்ணெய் உணரும் திசை இதுவே. நேராக நிறுத்தியபோது ஏறக்குறைய முழுவதும் இறங்கிய எண்ணெயில், சாய்த்தபோது 600 மில்லிலிட்டர் மேலேயே தங்கிவிட்டது. எந்தக் கருவியும் இல்லாமல் யாரும் செய்யக்கூடிய இந்தச் சோதனையை முதலிலேயே செய்திருந்தால் இரண்டு மாத உழைப்பு மிஞ்சியிருக்கும்.

செய்த மாற்றங்கள்

மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றுக்கும் பின் பதிவை ஒப்பிட்டோம். முதலில் சம்புக்குள் உறிஞ்சு குழாயைச் சுற்றி ஒரு பெட்டி அமைத்தோம்: 14 செ.மீ. அகலம், 16 செ.மீ. நீளம், 7 செ.மீ. உயரம், மேலே இடைவெளிகளுடன் கூடிய மூடி, நான்கு பக்கங்களிலும் உள்நோக்கி மட்டும் திறக்கும் ஒருவழிக் கதவுகள். வலது வளைவில் எண்ணெய் இடப்புறம் பாயும்போது, வலப்பக்கக் கதவுகள் திறந்து எண்ணெயை உள்ளே விடுகின்றன. இடப்பக்கக் கதவுகள் மூடிக்கொண்டு அதை வெளியேற விடாமல் தடுக்கின்றன. மூடி அது மேலேறித் தப்புவதைத் தடுக்கிறது. கதவுகளின் கீல் மேற்பக்கம் இருக்க வேண்டும். கதவு முழுவதும் மடிந்து ஒட்டிக்கொள்ளாதபடி ஒரு தடை வேண்டும். ரப்பர் மடல்கள் வெப்பத்தில் இறுகி வளைந்துவிடுவதால் எஃகுத் தகட்டையே பயன்படுத்தினோம்.

அலுமினிய சம்புக்குள் வெல்டிங் செய்யும்போது அதன் விளிம்பு வளைந்துவிடும் என்பதையும் அனுபவத்தில் கற்றோம். சம்பைப் பழைய பிளாக்கில் இறுக்கிப் பூட்டிய நிலையிலேயே வெல்டு செய்வதும், பின்னர் விளிம்பின் சமதளத்தைச் சோதிப்பதும் அவசியம். பூட்டும்போது சீலன்ட் பசையை அளவாகவே தடவ வேண்டும். உட்புறம் பிதுங்கி உலர்ந்த பசை துண்டுகளாகக் கழன்று உறிஞ்சு குழாயின் ஸ்ட்ரெய்னர் வலையை (வடிகட்டி) அடைப்பது, எண்ணெய்ப் பட்டினிக்கு மிக எளிதான வழி.

குழாய் வாய்க்கும் தரைக்கும் இடையிலான தூரத்தையும் அப்போதே சரிபார்த்தோம். 50 மி.மீ. விட்டமுள்ள வாயின் சுற்றளவு 157 மி.மீ.; 8 மி.மீ. இடைவெளியில் எண்ணெய் நுழையும் பரப்பு 1,250 சதுர மி.மீ.க்கு மேல். 20 மி.மீ. குழாயின் உட்பரப்போ 314 சதுர மி.மீ. மட்டுமே. நான்கு மடங்கு தாராளம் இருப்பதால் அதை மாற்றவில்லை. பெட்டியின் தரைத்தகட்டைத் தடிமனாக்கி இந்த இடைவெளியை அறியாமல் குறைத்துவிடுவது நடக்கக்கூடிய தவறு. களிமண் உருண்டையை வைத்து சம்பைப் பூட்டிக் கழற்றி அளந்துகொள்வது நல்லது.

பெட்டி மட்டும் இருந்த நிலையில், வலது வளைவின் சரிவு மூன்றரை நொடியிலிருந்து ஐந்து நொடிக்குத் தள்ளிப்போனது, மறையவில்லை. இது எதிர்பார்த்ததே. பெட்டிக்குள் அடங்கும் ஒன்றரை லிட்டரும் நொடிக்கு அரை லிட்டர் வீதம் கரைந்துதான் போகும். பெட்டி நேரத்தை வாங்கித் தரும். அந்த நேரத்துக்குள் எண்ணெய் பெட்டிக்குத் திரும்பியாக வேண்டும். கடைகளில் வாங்கும் தடுப்புத் தகடுகளைப் பொருத்திய பிறகும் பேரிங் போவதன் பின்னணியில் பெரும்பாலும் இதுவே இருக்கும் என்று நான் கருதுகிறேன்.

ஆகவே அடுத்த வேலைகள் ஹெட்டைச் சார்ந்தவை. ஹெட்டுக்கு எண்ணெய் ஏறும் துளையில் 4 மி.மீ. விட்டத்தை 2.5 மி.மீ. ஆக்கும் ஒரு சிறு அடைப்பானை வைத்தோம். வழியின் பரப்பு ஐந்தில் இரண்டு பங்காகிறது. எங்கள் எஞ்சினில் ஹைட்ராலிக் டாப்பெட்டுகளோ (எண்ணெய் அழுத்தத்தால் வால்வு இடைவெளியைச் சரிசெய்பவை), எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் வால்வு நேர மாற்றமைப்போ இல்லாததால்தான் இதைத் துணிந்து செய்ய முடிந்தது. அவை உள்ள எஞ்சினில் இதை அப்படியே செய்தால், பேரிங்கைக் காப்பாற்றி கேம் ஷாஃப்டை இழக்க நேரும். பிறகு, ஹெட்டின் இடது பின்கோடியிலிருந்து 19 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயை வெளியே இறக்கி, சம்பின் பின்சுவர் வழியாகக் கொண்டுசென்று, அதன் வாயைப் பெட்டியின் மூடிக்குள்ளேயே திறந்துவிட்டோம். வலது வளைவில் ஹெட்டின் இடப்புறம் குவியும் எண்ணெய் இப்போது சம்பின் சுவரில் போய் ஒட்டாமல் நேராக உறிஞ்சு குழாயின் அருகிலேயே விழுகிறது. கிராங்க் அறையின் வாயுவுக்குப் பிளாக்கிலிருந்து தனி பிரீதர் கொடுத்ததால், இறங்கும் துளைகள் எண்ணெய்க்கு மட்டுமே உரியவை ஆயின.

கடைசியாக, கிராங்க் ஷாஃப்டுக்கும் சம்புக்கும் இடையே விண்டேஜ் ட்ரே எனப்படும் தட்டையும், கவுண்டர்வெயிட்டிலிருந்து 2 மி.மீ. தள்ளி ஒரு சுரண்டு தகட்டையும் வைத்தோம். 86 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள கிராங்க்கின் பின் 7,500 சுழற்சியில் மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் காற்றைக் கிழிக்கிறது; அதன் சுழலில் சிக்கும் எண்ணெய் கயிறுபோல் அதனோடு சுற்றிக்கொண்டிருக்கும், சம்புக்குத் திரும்பாது. ட்ரே வைத்தபின் எண்ணெயின் வெப்பம் 6 டிகிரி குறைந்ததைக் கண்டோம்.

அக்யூமுலேட்டரா, டிரை சம்பா

இடையில் அக்யூமுலேட்டர் பொருத்துவது பற்றியும் ஆராய்ந்தோம். அழுத்தத்தில் எண்ணெயைச் சேமித்து, பம்பு தடுமாறும்போது எஞ்சினுக்குள் செலுத்தும் அந்தக் கலன் உண்மையிலேயே பயனுள்ளது; குளிர்ந்த எஞ்சினை முடுக்குவதற்கு முன் பேரிங்குகளை நனைப்பதற்காகவே அதை வாங்கலாம். ஆனால் காலியான கலன் வளைவு முடிந்ததும் தன்னை நிரப்பிக்கொள்கிறது. அந்த எண்ணெயும் சம்பிலிருந்தே எடுக்கப்படுகிறது. வளைவை ஒட்டியே கடுமையான பிரேக் வரும் தடத்தில், சம்ப் மிகவும் ஏழையாக இருக்கும் நேரத்தில் அது தன் பங்கைக் கேட்கும். ஹெட்டின் குறையைச் சரிசெய்யாமல் அதைப் பூட்டியிருந்தால் நோய் மறைந்திருக்கும், நீங்கியிருக்காது.

டிரை சம்ப் என்பது வேறு தரத்துத் தீர்வு. சம்பில் விழும் எண்ணெயைத் தனிப் பம்புகள் உடனுக்குடன் உறிஞ்சி, உயரமான ஒரு தொட்டிக்கு அனுப்புகின்றன. அங்கே காற்று பிரிந்து, எண்ணெய் அடியிலிருந்து எஞ்சினுக்குச் செல்கிறது. குறுகலும் உயரமுமான தொட்டியில் எவ்வளவு சாய்ந்தாலும் அடிப்பகுதி மூழ்கியே இருக்கும். சம்பின் ஆழமும் தேவையற்றுப் போவதால் எஞ்சினைத் தாழ்வாக வைக்கலாம். 1954இல் வந்த மெர்சிடிஸ்-பென்ஸ் 300 எஸ்எல் காரில் எஞ்சினை ஒருபுறமாக நன்றாகச் சாய்த்து, தாழ்ந்த பானெட்டுக்குள் அடக்க டிரை சம்ப் உதவியது. ஆனாலும் தொட்டியின் கொள்ளளவு அங்கும் கேள்விதான்: செவ்ரோலெட் கார்வெட் இசட்06 காரின் எல்எஸ்7 எஞ்சின் 2006இல் ஏறத்தாழ 7.6 லிட்டர் டிரை சம்ப் அமைப்புடன் வந்து, 2009 மாடலில் சுமார் 9.9 லிட்டராக வளர்ந்தது. எங்கள் காருக்கு, வெளிப்பம்பும் அதற்கான பெல்ட்டும் தொட்டியும் குழாய்களும் சேர்ந்தால் புதிய பழுதிடங்கள் பல உருவாகும் என்பதால், 1.2 ஜி அளவில் அதைத் தேவையற்றது என்று ஒதுக்கினோம். ஸ்லிக் டயர்களும் காற்றழுத்த இறக்கைகளும் வந்து 1.5 ஜியைத் தொடும் நாளில் இந்த முடிவை மாற்றிக்கொள்வோம்.

முடிவுகள்

எல்லா மாற்றங்களுக்கும் பின், நீண்ட வலது வளைவில் 7,000 சுழற்சியில் காணப்பட்ட மிகக் குறைந்த அழுத்தம் 4.1 பார், நேர்ப்பாதையில் 4.8 பார். ஆறு நொடி வரை நீட்டிப் பார்த்தும் கோடு நடுங்கவில்லை. எஞ்சியது ஒரே ஒரு சரிவு: வளைவு முடிந்து கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது 3.2 பார் வரை இறங்குகிறது. 1 ஜி பிரேக்கில் 3 லிட்டர் எண்ணெயும் சம்பின் முன்பக்க 15.5 செ.மீ.க்குள் குவிந்துவிடுவதால், அந்த நொடிகளில் எஞ்சின் பெட்டிக்குள் இருப்பதை மட்டுமே நம்பியிருக்கிறது. அப்போது எஞ்சினில் சுமை குறைவு என்பதால் இதை ஏற்றுக்கொண்டோம். ஆனால் கியரைக் குறைக்கும்போது சுழற்சியை 6,500க்கு மேல் எகிறவிட வேண்டாம் என்று ஓட்டுநரிடம் சொல்லியிருக்கிறோம்.

பழைய விளக்கு இருந்த இடத்தில், சுழற்சி 4,000ஐத் தாண்டிய நிலையில் அழுத்தம் 2.5 பாருக்குக் கீழே போனால் எரியும் பெரிய சிவப்பு விளக்கு வந்துவிட்டது. அது எரிந்தால் சுற்றை முடிக்க வேண்டாம், உடனே கிளட்சை மிதித்து எஞ்சினை அணைக்க வேண்டும் என்பது இப்போது எழுத்தில் உள்ள விதி.

பன்னிரண்டு மணி நேரத் தட ஓட்டத்துக்குப் பின் சம்பைக் கழற்றி, 2ஆம் 3ஆம் ராட் பேரிங்குகளைத் திறந்து பார்த்தோம். ஷெல்களின் சாம்பல் நிற மேற்பூச்சு முழுமையாக இருந்தது. சுமை விழும் நடுப்பகுதியில் மட்டும் சற்றுப் பளபளப்பு. ஃபில்டர் தாளில் உலோகத் துகள் எதுவும் இல்லை. பெட்டியின் வலப்பக்கக் கதவுகளின் கீல் தண்டுகளில் மட்டும், விரல் நகத்தால் உணரும் அளவுக்குத் தேய்மானம் இருந்தது. இடப்பக்கத் தண்டுகளில் அது இல்லை. எட்டுத் தண்டுகளையும் மாற்றி, அடுத்த பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பின் அவற்றை அளக்க வேண்டும் என்று எஞ்சின் பதிவேட்டில் குறித்துவிட்டு, சம்பை மீண்டும் பூட்டினோம்.